இழப்பு குறைந்த கரை

கொள்ளிடம் இரண்டு வருடமாகக் கொன்றைத்திட்டுக்குள் மட்டுமே வந்துகொண்டிருந்தது. எதிரே தென்கரையில் இருந்த ஆலம்படுகையை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் ஆறு தன் இஷ்டப்படி எந்தக் கரையை வேண்டுமானாலும் உடைக்கும். ஒரு வருடம் இவர்கள் பக்கம், ஒரு வருடம் அவர்கள் பக்கம் என்று போனதால் திட்டுவதிலும் ஒரு நியாயம் இருந்தது. இப்போது ஆற்றுக்கு இஷ்டம் என்று ஒன்று கிடையாது. இரண்டு கரைகளிலும் இரும்புக் கதவுகள் வைத்து, எதைத் திறப்பது என்று முடிவு செய்யும் வேலையை ஓர் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு மூச்சில் சொல்லி முடிகிறதாக இல்லை. ஊர் அதைத் தராசு என்று கூப்பிட்டது.

இரண்டாம் வருட வெள்ளத்தில் தில்லைநாயகியின் பந்தல் கடை போய்விட்டது. கல்யாண மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டும் ஆற்றோடு கடலுக்குக் கிளம்பியதை அவள் கூரைமேல் நின்று பார்த்தாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று கட்டிய கடை அது. எப்படியோ திரும்ப எழுப்பிவிட்டாள். மூன்றாவது தடவை தண்ணீர் வந்தால் எழுப்ப அவளிடம் தெம்பும் இல்லை, வயதும் இல்லை. அதனால் ஆற்று வாரியத்திலிருந்து நிவேதன் என்ற அதிகாரி விளக்கம் சொல்ல வருகிறார் என்றதும் பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

நிவேதனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கெட்ட செய்தியை மரியாதையாகச் சொல்லப் பயிற்சி எடுத்த முகம்.

"வெள்ளம் வந்தா ரெண்டு கரையில ஒண்ணு முழுகித்தாங்க ஆகணும். ரெண்டு ஊர்ல இருக்கற வீடு, சாமான் எல்லாத்துக்கும் அரசாங்கமே காப்பீடு எடுத்திருக்கு. எந்தப் பக்கம் முழுகினா காப்பீட்டுக் கம்பெனி குறைவா குடுக்க வேண்டியிருக்குமோ, அந்தக் கதவைத் தராசு தொறக்கும். அவ்வளவுதான் விஷயம்."

"அப்ப எங்க ஊரு மட்டம்ங்கிறீங்களா?" என்றார் ஊராட்சித் தலைவர் சபாநாயகம்.

"மட்டம்னு இல்லைங்க. உங்க ஊர்ல ஒண்ணுமே இல்லை."

கூட்டம் சலசலத்தது. நிவேதன் கையிலிருந்த திரையைத் தலைவர் பக்கம் திருப்பினான். "நீங்களே சொன்னதுதாங்க. கணக்கெடுக்க வந்தவங்ககிட்ட, இலவசத் திட்டத்துக்கு, ரேஷனுக்குன்னு வருஷா வருஷம் நீங்க குடுத்த தகவல். உங்க வீடு ஓலைக் குடிசைன்னு இருக்கு."

சபாநாயகத்தின் வீடு இரண்டு மாடி. வாசலில் சிமெண்டுச் சிங்கங்கள் இரண்டு நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "கொல்லையில ஒரு கொட்டகை கெடக்குது. அதச் சொல்லியிருப்பன்" என்றார் அவர்.

கொன்றைத்திட்டில் 'இருக்கிறது' என்று சொன்னவர் எவரும் கிடையாது. பாதி கண்ணேறுக்குப் பயம், பாதி இலவச மிக்சி போய்விடும் என்ற பயம். கொட்டில் நிறைய மாடு நின்றால் "ஏதோ ரெண்டு உசுரு கட்டிக் கெடக்குது" என்பார்கள். களம் கொள்ளாமல் நெல் விளைந்தால் "வாய்க்கு ஆச்சு" என்பார்கள். சிங்கப்பூரில் சம்பாதிக்கிற மகனைப் பற்றிக் கேட்டால் "எங்கயோ கெடக்கான்" என்பார்கள். தலைமுறை தலைமுறையாக இதைக் கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, சொன்னதைப் போல் இரண்டு மடங்கு இருக்கும் என்று மனசுக்குள் போட்டுக்கொண்டு போவார்கள். தராசுக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. இத்தனை காலத்தில் கொன்றைத்திட்டுக்காரர்கள் சொன்னதை அப்படியே நம்பிய முதல் ஆள் அதுதான்.

"ஆளுங்கள மதிப்புல சேக்கலியா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"ஆட்களை முன்கூட்டியே வெளியேத்திடறோம்மா. அதனால ஆள் இழப்பே இருக்காது. இழப்பு இல்லாதது கணக்குல வராது."

"நட்ட பயிரு?"

"அது வேற கம்பெனி, வேற மெஷின். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்காது."

வழி என்ன என்று கேட்டபோது அதையும் அவன் மரியாதையாகவே சொன்னான். மழைக்கு முன்னால் குருவி அளவில் பறக்கும் கருவிகள் வரும். வீடு வீடாக நுழைந்து உள்ளதைப் படம் பிடிக்கும். வீட்டுக்காரரிடம் குரல் கொடுத்துக் கேட்கும். அன்றைக்கு மறைக்காமல் காட்டினால் போதும், ஊரின் மதிப்பு ஏறிவிடும்.

தில்லைநாயகி கை தூக்கினாள். "அது யாரு சாமான்னு குருவிக்கு எப்படி சார் தெரியும்?"

"தெரியாதும்மா. எங்க இருக்குன்னு மட்டும் பாக்கும்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. வெறும் புளியந்தோப்பை ஒரே பகலில் அரண்மனையாக்கி, மறுநாள் மறுபடி தோப்பாக்கி வைப்பதுதான் அவள் பிழைப்பு.

கூட்டம் கலையும்போது யாரோ ஒருவர், "அப்ப தண்ணி..." என்று இழுத்தார்.

"தண்ணி எங்கயாச்சும் போவும்" என்றார் சபாநாயகம். எல்லோரும் அதை ஒத்துக்கொண்டார்கள். அந்த 'எங்கயாச்சும்' என்ற இடத்தில்தான் ஊரில் பாதிப் பேருக்குச் சம்பந்தி வீடு இருந்தது. தில்லைநாயகியின் ஒரே தங்கை கோமளவல்லி வாழ்க்கைப்பட்டிருந்ததும் அங்கேதான்.

ஊரைப் பணக்காரத்தனத்துக்குப் பழக்குவது பந்தல் போடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. தில்லைநாயகி தன் கடை வாசலில் ஆட்களை நிற்கவைத்து ஒத்திகை பார்த்தாள். கலியமூர்த்திதான் ஊரிலேயே அதிக மாடு வைத்திருப்பவர்.

"சொல்லுங்கண்ணே. உங்ககிட்ட எத்தினி மாடு இருக்குது?"

"ஏதோ..."

"ஏதோ வேண்டாண்ணே. நேரா சொல்லுங்க."

"பன்னெண்டு" என்று சொல்லிவிட்டுக் கலியமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தார். "பன்னெண்டுன்னா என்னா, அதுல நாலு கெழடு. ரெண்டு சென புடிக்கல."

"அதெல்லாம் கேட்டாங்களா?"

"மனசு கேக்கலம்மா. ஒடம்பெல்லாம் கூசுது." அன்று சாயங்காலமே தன் மாடுகள் பன்னிரண்டுக்கும் மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் அவர் சாப்பிட்டார்.

உள்ளதை எல்லாம் வெளியே கொண்டுவந்து பார்த்தபோது ஊரே கொஞ்சம் அசந்துபோனது. பக்கத்து வீட்டில் இவ்வளவா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொருவர் வீட்டையும் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் தராசின் செயலி ஒன்று எல்லோர் போனிலும் இருந்தது. தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்று காட்டும் முள் ஒன்று அதில் ஆடிக்கொண்டே இருக்கும். நிவேதன் மாதிரிக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். இதையெல்லாம் சேர்த்தாலும் முள் நடுவுக்குக்கூட வரவில்லை. ஆலம்படுகை நிஜமாகவே வசதியான ஊர். அதைவிட மோசம், கேட்டால் வாய் கூசாமல் சொல்லும் ஊர்.

அப்போதுதான் இரவல் வாங்குவது என்று தீர்மானமானது. யாரிடம் என்று பேச்சே எழவில்லை. விசேஷம் என்றால் உறவு வீட்டில் போய்க் கேட்பதுதானே வழக்கம். அண்டா, ஜமுக்காளம், டிராக்டர், நகை எதுவானாலும் கேட்டால் கொடுக்க வேண்டும். எதற்கு என்று துருவிக் கேட்பது மரியாதைக் குறைவு. கேட்டதற்கு மேல் ஒன்று சேர்த்துக் கொடுத்தால்தான் உறவுக்கு அழகு.

தில்லைநாயகி தன் லோடு ஆட்டோவில் பாலத்தைத் தாண்டிப் போனாள். கோமளவல்லி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஊர்ப் பொதுவுல ஒரு விசேஷம் வச்சிருக்காங்க கோமளா. கொஞ்சம் பகட்டா செய்யணுங்கிறாங்க."

"என்னென்னா வேணும்?"

தில்லைநாயகி கேட்டது குளிர்சாதனப் பெட்டியும் பித்தளைப் பாத்திரங்களும். கோமளவல்லி கறவை மாடு நாலையும், புது பீரோவையும், துணி துவைக்கும் இயந்திரத்தையும் சேர்த்து ஏற்றச் சொன்னாள். அவள் புருஷன் உத்திராபதி, "அண்ணி, டிராக்டரையும் எடுத்துட்டுப் போங்க. சும்மாதான நிக்குது" என்று சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் ஆலம்படுகையிலிருந்து பாலத்தின் வழியாகச் சாமான் வந்துகொண்டே இருந்தது. குருவிகள் வந்த அன்று கொன்றைத்திட்டில் குடிசைக்குக் குடிசை சோபாவும், கொட்டிலுக்குக் கொட்டில் டிராக்டரும் நின்றன. ஒரு வீட்டில் உட்கார இடமில்லாமல் குடும்பமே வாசலில் நின்று பதில் சொன்னது. கலியமூர்த்தி பன்னிரண்டு என்று பிசகாமல் சொல்லி, உடனே தரையில் துப்பினார். குருவிகள் இந்தக் கரையை முடித்துவிட்டு அப்படியே ஆற்றைத் தாண்டிப் பறந்தன. அவை அங்கே எதைப் பார்க்கும் என்று தில்லைநாயகிக்கு அந்த நொடியில் விளங்கியது. விளங்கியதை அவள் அப்படியே மடித்து ஓரமாக வைத்துவிட்டு, சீரியல் பல்பு கட்டிய கம்பு சாய்ந்திருக்கிறதே என்று அதை நிமிர்த்தப் போனாள்.

மறுநாள் முள் ஆலம்படுகைப் பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. சபாநாயகம் ஊருக்கே லட்டு கொடுத்தார்.

சாமானைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பருவம் முடியும்வரை குருவி எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரலாம் என்று நிவேதன் சொல்லியிருந்தான். ஐப்பசியில் கோமளவல்லி போன் செய்தாள். "மாட்ட மட்டுமாவது அனுப்புக்கா. பால்காரரு தெனம் வந்து கேக்குறாரு."

"விசேஷம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு கோமளா."

"சரிக்கா. நல்லபடியா முடியட்டும்."

கார்த்திகையில் மேட்டூரிலிருந்து தண்ணீர் கிளம்பியது. கொள்ளிடம் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு பழுப்பாக ஓடியது. சாயங்காலத்துக்குள் ஆலம்படுகைக் கதவைத் திறப்பார்கள் என்றும், தென்கரை மக்கள் பாலம் தாண்டிக் கொன்றைத்திட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றும் காலையிலேயே அறிவிப்பு வந்தது. கொன்றைத்திட்டில் டீக்கடை திறந்திருந்தது. வெள்ள எச்சரிக்கை நாளில் அங்கே டீ குடிப்பது ஊருக்குப் புதிய சுகமாக இருந்தது.

தில்லைநாயகியின் போன் அடித்தது.

"அக்கா, எங்க பக்கந்தான் தொறக்குறாங்களாம். எங்க ஊர்ல பெருசா ஒண்ணுமே இல்லன்னு தராசு காட்டுதாம். இவரு தலையில கைய வச்சுட்டு ஒக்காந்திருக்காரு." கோமளவல்லியின் குரல் உடைந்திருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "நல்லவேளைக்கா, மாடும் டிராக்டரும் ஓங்கிட்ட இருக்குது. நீ எடுத்துட்டுப் போனதால அதாவது தப்பிச்சுது. அந்த சாமிதான் ஒன்ன அனுப்பிச்சிருக்கு."

தில்லைநாயகி போனை வைத்துவிட்டு, கடைக்குள் அடுக்கியிருந்த நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். திட்டுக்குச் சொல்லப் பதில் தயாராக வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய் மாடுகளை அவிழ்த்தாள்.

லோடு ஆட்டோவில் பீரோவும் பெட்டியும் ஏறியதைப் பார்த்துச் சபாநாயகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்னாம்மா பண்ணுற? சாயங்காலம் வரைக்கும் பொறு. கதவத் தொறந்தப்பறம் எங்க வேணா எடுத்துட்டுப் போ."

"தொறந்தப்பறம் எங்க தலைவரே எறக்கி வைக்கிறது? வீடு இருக்காதே."

"ஓங் கடைய நெனச்சுப் பாரு."

"நெனச்சு நெனச்சுத்தான் தங்கச்சி வீட்டக் காலி பண்ணிட்டு வந்தன். நீங்க உங்க சம்பந்தி டிராக்டரக் கொண்டுபோய் விடுங்க. இல்லன்னா வழிய விடுங்க."

அவர் வழிவிடவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, தன் மகளைக் கொடுத்த வீட்டு அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு பேசாமல் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு டிராக்டர்கள் உறுமத் தொடங்கின. ஆலம்படுகையில் உறவு இல்லாதவர்கள்தான் போனைப் பார்த்தார்கள். குருவிகள் மறுபடி தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தன, முள் மெல்ல மெல்லக் கொன்றைத்திட்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், ஊர் அலறிப்போனது. தண்ணீர் இங்கேதான் வரப்போகிறது என்று அவரவர் தங்கள் சொந்தச் சாமானையும் வாரிக்கட்டினார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் மேடான இடம் பாலம் ஒன்றுதான். சபாநாயகத்தின் சிமெண்டுச் சிங்கங்கள் தவிர நகரக்கூடிய எல்லாமே பாலத்துக்கு நகர்ந்தன.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஆலம்படுகை வந்துகொண்டிருந்தது. அவர்களுடைய டிராக்டர்கள் எல்லாம் இந்தக் கரையில் இருந்ததால் மிச்சச் சாமானைத் தலையிலும் சைக்கிளிலும் சுமந்துகொண்டு வந்தார்கள். பாலத்தின் நடுவில் இரண்டு ஊரும் முட்டிக்கொண்டு நின்றன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. கலியமூர்த்தியின் பன்னிரண்டு மாடுகளும் நடுவில் படுத்து அசைபோட ஆரம்பித்தன.

கோமளவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காவின் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க்கா இதெல்லாம் எடுத்துட்டு வர? அங்கதான பத்திரமா இருக்கும்."

தில்லைநாயகி ஆட்டோவில் கட்டிய கயிற்றை இறுக்கினாள். பக்கத்திலிருந்த ஒருவன்தான் போனை நீட்டி முள்ளைக் காட்டி, சாமான் இருக்கிற பக்கம் தண்ணீர் வராது என்றும், குருவி வந்த அன்று யார் சாமான் எங்கே இருந்தது என்றும் விளக்கமாகச் சொன்னான். நல்ல மனசோடுதான் சொன்னான். கோமளவல்லி முழுவதையும் கேட்டாள். திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி எங்க வருமுன்னு தெரிஞ்சுதான் வந்து கேட்டியா?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. தலைவர், ஊர்த் தீர்மானம், இரண்டு வருட வெள்ளம், போன கடை.

"தெரியும் கோமளா" என்றாள் தில்லைநாயகி.

அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. நிவேதன் பதறிப்போயிருந்தான். "அம்மா, என்ன பண்ணிட்டீங்க எல்லாரும்? ரெண்டு ஊரும் காலியா கிடக்கு. ஆளும் சாமானும் இல்லாத காலி வீட்டுக்குக் காப்பீடு கிடையாது, அது கம்பெனி விதி. ரெண்டு பக்கமும் மதிப்பு பூஜ்யம்னு ஆயிடுச்சு. ரெண்டு கதவையும் தொறக்குது."

"பாலம் என்னா சார் ஆவும்?"

"பாலத்துக்கு ஒண்ணும் ஆகாது. இந்த ஆத்துலயே இப்ப பெரிய சொத்து அதுதான். தராசு உசிரக் குடுத்துக் காப்பாத்தும்."

சங்கு ஊதியது. இரண்டு கரையிலும் கதவுகள் ஒரே சமயத்தில் எழுந்தன. ஒரு ஊரைக் கூரைவரை மூழ்கடித்திருக்கும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, இரண்டு ஊரிலும் இடுப்பளவு ஏறியது. பச்சை பிடித்திருந்த சம்பா வயல்கள் இரண்டு பக்கமும் மறைந்தன. மண் சுவர்கள் ஒன்றிரண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்தன. தில்லைநாயகி தன் கடை எந்த இடத்தில் இருந்தது என்று தேடினாள். கோமளவல்லி தன் வீட்டைத் தேடினாள். குளிர்சாதனப் பெட்டிகளும் பீரோக்களும் சோபாக்களும் மழையில் நனைந்துகொண்டு நின்றன. உத்திராபதி தன் டிராக்டரை அடையாளம் கண்டுபிடித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

பொழுது சாய்வதற்குள் தண்ணீரின் வேகம் தணிந்தது. பாலத்திலிருந்த எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. வாரியத்திலிருந்து செய்தி. வெள்ள நிகழ்வு நிறைவடைந்தது. வடகரை இழப்பு: இல்லை. தென்கரை இழப்பு: இல்லை. இந்த ஏற்பாடு தொடங்கிய நாளிலிருந்து இதுவே சிறந்த ஆண்டு. இனி வரும் ஆண்டுகளிலும் இதே முறை பின்பற்றப்படும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

கலியமூர்த்தி சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

கோமளவல்லி செய்தியை மறுபடி ஒருமுறை மெதுவாகப் படித்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தில்லைநாயகிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நட்டம் ஒண்ணும் இல்லியாம்க்கா" என்றாள்.

ஆட்டோவின் பின்னால் கட்டியிருந்த தன் மாடுகளை அவிழ்த்து, கயிறுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பாலத்தின் தெற்கு முனையை நோக்கி நடந்தாள். தில்லைநாயகி மாடுகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.